மோதிர விரல் உரிமம்

நான் திறந்த ஆறாவது வண்டியின் முதல் பார்வையும் மஞ்சளாகத்தான் இருந்தது.

மஞ்சள் என்றால் திரை முழுக்க மஞ்சள். நடுவில் ஒரு சிவப்பு வட்டம். பத்து விநாடி அப்படியே நிற்கும். பின்னணியில் மணி அடிக்கும், யாராவது "எலுமிச்சம்பழத்த டயருக்கு நேரா வெய்யிடா" என்று அதட்டுவார்கள், அவ்வளவுதான். முகம் கிடையாது. முகத்தை விடுங்கள், ஒரு காதுகூடக் கிடையாது.

ஆனைமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் முகாம். என் மேசைக்குப் பின்னால் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு கிடந்தன. நான் உரிம ஆணையத்தின் சோதகர், பெயர் நிறைமதி, சென்னையிலிருந்து வந்தவள். வண்டிகளில் ஓடும் மென்பொருள் முறையாக உரிமம் பெற்றதுதானா, யாருக்கு உரியது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எனக்கு விதி பிடிக்கும். விதி என்று ஒன்று இருந்துவிட்டால் யாரும் யாரிடமும் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் அன்று மத்தியானம் வரைக்கும் அசையாமல் இருந்தேன்.

ஆறாவது வண்டி ஒரு மினி பஸ். ஆனைமலையிலிருந்து வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை போய்த் திரும்புவது. ஓட்டுநர் இருக்கையில் ஆள் கிடையாது, ஓட்டுவது மென்பொருள். ஊரில் யாரும் அதை மென்பொருள் என்று சொல்வதில்லை, வண்டி மூளை என்கிறார்கள். இந்த மூளைக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். கோபாலு. வண்டிக்காரர் தாரணி, ஐம்பதைத் தாண்டியவர், டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் முன்னால் நின்றார். தாரணி, சிந்துஜா என்பதெல்லாம் ஆத்தாமார் பெயராகிவிட்ட காலம் இது.

"மேடம், மஞ்சளாட்டந் தெரியுதுங்களே, அது என்னங்க?"

"சந்தனம். நடுவுல குங்குமம்."

"ஆமாங். பூசை போட்டமில்லீங்க" என்றார், ஏதோ நான் பாராட்டிவிட்டதுபோல.

"உங்க முகம் எங்கம்மா?"

"என்ற மொகம் எதுக்குங்க? பில்லு இருக்குதுங்களே. கம்பெனி சீல் போட்டது."

அன்று காலையிலிருந்து ஐந்து பேரிடம் சொன்னதை ஆறாவது முறையாகச் சொன்னேன். "பில் செல்லாதும்மா. இப்பல்லாம் யார் வேணும்னாலும் ஒரு நிமிஷத்துல பில் செஞ்சுடறாங்க. சீலு, கையெழுத்து, நீங்க ஷோரூம்ல நின்னு பேசற வீடியோ, எல்லாமே. திருட்டு மூளை போட்ட வண்டிக்காரர்தான் உங்களைவிட அழகான பில் வெச்சிருக்கார். அதனாலதான் கம்பெனிங்க சேர்ந்து ஒண்ணு பண்ணாங்க. மூளை முதல் முதலா கண்ணைத் திறக்கும்போது என்ன பாக்குதோ, அதை உள்ளேயே பூட்டி வெச்சுடும். முதல் பார்வைன்னு பேரு. அதை யாராலும் மாத்த முடியாது. அதுல யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் உரிமம். வண்டி எடுக்கும்போதே சொல்லியிருப்பாங்களே, கண்ணுக்கு முன்னாடி வந்து நில்லுங்கன்னு."

"சொன்னாங்க. பூசை போட்டு வண்டி கெளம்பும்போது குறுக்க போயி எவ நிப்பா? நீங்க நிப்பீங்களா?"

நானும் நிற்க மாட்டேன்தான்.

உண்மையில் தப்பு எங்கே நடந்தது என்று எனக்கு இரண்டாவது வண்டியிலேயே புரிந்துவிட்டது. இந்த மூளையை எங்கேயோ குளிர் தேசத்தில் செய்த புண்ணியவான்கள், கண்ணாடிக்கு மேலே நட்டநடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் கண்ணைப் பதித்துவிட்டார்கள். பார்த்தால் அச்சு அசல் நெற்றி. நெற்றியைக் காட்டிவிட்டு அங்கே பொட்டு வைக்காதே என்றால் எங்கள் ஊரில் யார் கேட்பார்கள்? சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமத்தை அழுத்தி, அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். மூளை கண் விழித்துப் பார்த்தால் உலகம் மஞ்சள்.

"இப்ப என்னங்க பண்ணுவீங்க?" என்றார் தாரணி.

"உரிமம் நிரூபணம் ஆகலைன்னா மூளையைத் துடைச்சுட்டுப் புதுசு போட்டுத் தருவோம். வண்டி உங்களுக்கேதான். பணம் எதுவும் கட்ட வேண்டாம்."

இதைக் கேட்டால் மற்றவர்களுக்கெல்லாம் முகம் தொங்கும், கொஞ்சம் புலம்புவார்கள், பிறகு தேறிக்கொள்வார்கள். தாரணியின் முகம் தொங்கவில்லை. பஸ் பக்கம் கையைக் காட்டினார்.

"சோறு வர இன்னும் நேரமிருக்குது. ஒரே ஒரு ட்ரிப்பு எங்ககூட வாங். வந்து பாத்துட்டுத் தொடைங்."

பசி, வெயில், மண்டபத்துப் புழுக்கம். காற்றாவது வருமே என்று ஏறினேன்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முதல் சீட்டில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். தாரணியின் கணவர் லோகேஷ். அவருக்குப் பார்வை போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது, சர்க்கரை வியாதி. பஸ் கிளம்பியதும் ஒரு கையைச் சன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு, சினிமா பார்க்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கோட்டூர் பிரிவு" என்றார். பஸ் நின்றது. கோட்டூர் பிரிவு.

"ரைஸ்மில்லு." ரைஸ்மில்தான்.

"இப்ப ஒரு வளைவு, எடது பக்கம் புளியமரம். பசங்க கிரிக்கெட்டு வெளையாடுவானுங்க, ஒரு ஹாரன் வரும் பாருங்." குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, கோபாலு ஹாரன் அடித்தது. புளியமரம் வந்தது. பையன்கள் ஒதுங்கினார்கள்.

"எப்படிங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "மொத ஒரு வருசம் நாந்தானுங்க கையில ஓட்டினேன். இது பக்கத்துல இருந்து பாத்துப் பழகுச்சு. அப்பறமேலுக்கு எனக்குக் கண்ணு போச்சு, இது ஓட்ட ஆரம்பிச்சுது. அப்படியே நான் ஓட்டற மாதிரிங்க. புளியமர வளைவுக்கு நான் ரெண்டு தடவ பிரேக்கு மிதிப்பேன், இதுவும் ரெண்டு தடவ. கொளத்து மேட்டுல ஆக்ஸிலேட்டர ஒரு எக்கு எக்கி விடுவேன், இதுவும் எக்கும். என்ற காலு என்ன பண்ணுமோ அதத்தான் வண்டி பண்ணுது. அப்ப எங்க போறம்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அப்போது பஸ் காரணமில்லாமல் நின்றது. பார்த்தால் தூரத்தில், வரப்பில், கையில் பூக்கூடையோடு ஒரு பெண் ஓடி வந்துகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் மணி அடிக்கவில்லை. கோபாலு தானாகக் காத்திருந்தது.

"இதுவும் உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானா?"

"ஓடி வர்றவங்கள உட்டுட்டுப் போனா அன்னைக்குப் பூரா மனசு உறுத்துமுங்க" என்றார்.

பின்னால் இன்னொரு மினி பஸ் வந்து நின்று காது கிழிய ஹாரன் அடித்தது. அதன் படியில் தொங்கிக்கொண்டு, காதில் வைரத்தோடு மின்ன ஒரு பெண்மணி கத்தினார். "ஏனுங் லோகண்ணா, வண்டி ஓட்டறீங்களா, ஒறம்பரையாட்டம் விருந்துக்கு வந்தீங்களா? என்ற டைமிங்கெல்லாம் போச்சு!"

"சிந்துஜா" என்று என்னிடம் சொன்னார் லோகேஷ், பெருமையாக. "கொளத்துக் கிட்ட வந்துட்டம்."

தாரணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதிர் பஸ்காரிங்க. இது நின்னு நின்னு போறதால அவளுக்கு ஆளே கெடைக்கறதில்லன்னு கோவம். என்றகூடப் பேசறதில்ல. இவருகூட மட்டும் பேசுவா, அதுவும் திட்டறதுக்கு."

திரும்பி வரும்போது லோகேஷ் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தொடைச்சுட்டுப் போடற புது மூளை நல்லா ஓட்டுமுங்களா?"

"ரொம்ப நல்லா ஓட்டும். ஒரு குலுக்கல் இருக்காது."

"ம்" என்றார். "எல்லாருக்கும் சௌரியம். எனக்குத்தான் மறுக்காவும் இருட்டாயிரும்."

இதில் கெஞ்சல் எதுவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். என் கட்சி ஆட்டம் கண்டது அப்போதுதான்.

மண்டபத்துக்கு வந்ததும் சாப்பிடப் போகவில்லை. கோபாலுவின் மஞ்சளை மறுபடி திரையில் போட்டேன். விதி என்னைக் கைவிடாது என்று ஒரு நம்பிக்கை. விதிப் புத்தகத்தில் "முகம் அல்லது உடலடையாளம்" என்றிருக்கும். மச்சம், தழும்பு என்று எதையோ நினைத்து எழுதியது. எதுவாவது தெரிகிறதா என்று மஞ்சளைப் பெரிதாக்கினேன். நடுவிலிருந்த சிவப்பை இன்னும் பெரிதாக்கினேன்.

கோடுகள். வளைந்து வளைந்து, சுழித்து, நெருக்கமாகக் கோடுகள்.

ஈரச் சந்தனத்தில் குங்குமத்தை வைத்து விரலால் அழுத்தியவர், தன் ரேகையை அப்படியே விட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து வெயில் அடிக்க, உள்ளிருந்து பார்த்த மூளை அதை முத்திரைபோலப் பிடித்து வைத்திருந்தது. எந்தக் கள்ளனாலும் செய்ய முடியாத முத்திரை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

"தாரணியம்மா, மோதிர விரலைக் குடுங்க!"

மண்டபத்தில் இருந்த எல்லாரும் கூடிவிட்டார்கள். காலையில் கைவிரித்து அனுப்பிய தண்ணீர் லாரிக்காரர் பிரகதீஷ், டிராக்டர்காரர், ஐஸ்கிரீம் வேன்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஓட்டுச்சாவடி தோற்றது.

தாரணியின் மோதிர விரல் பொருந்தவில்லை. பத்து விரலும் பொருந்தவில்லை. லோகேஷின் விரல்களையும் கருவியில் பதிந்து பார்த்தேன், பொருந்தவில்லை. பிரகதீஷின் லாரிக்கு அவர் விரல் பொருந்தவில்லை. டிராக்டருக்கும் அதேதான். கடைசியில் ஒரு சந்தேகம் வந்து, ஆறு வண்டிகளின் சிவப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன்.

ஆறும் ஒரே விரல்.

"யாருங்க வெச்சது இந்தப் பொட்டை?"

தாரணி மெல்லப் போய் மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரகதீஷ்தான் தலையைச் சொறிந்துகொண்டு வாயைத் திறந்தார்.

"சிந்துஜாக்காங்க. அவங்களுக்குக் கைராசி. போர் போட்டா அவங்கதான் மொத மண்ணெடுப்பாங்க, தண்ணி வந்துரும். பொட்டு வெச்ச வண்டி எதுவும் இன்னைக்கு வரைக்கும் கவுந்ததில்லீங்க. புதுசா எது வாங்கினாலும் ஊரே அவங்களத்தான் கூப்புடும்."

"நீங்களுமா?" என்று தாரணியைக் கேட்டேன்.

"அப்ப நாங்க நல்லாத்தான் இருந்தமுங்க. அண்ணி அண்ணின்னு பின்னாலயே சுத்துவா."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "சட்டப்படி இந்த ஆறு வண்டி மூளைக்கும் உரிமம் சிந்துஜா அவங்களுடையது."

போன் பறந்தது. சிந்துஜா தன் பஸ்ஸிலேயே வந்து அதை வாசலில் நிறுத்திவிட்டு, டிக்கெட் பையோடு உள்ளே வந்தார். விரலை வைத்தார். ஆறும் பச்சை காட்டின. நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதைப் பார்க்க வேண்டுமே.

"ஏனுங் அம்மிணி, ஆறும் என்றதா?"

"வண்டி அவங்களுது. மூளைக்கு உரிமம் உங்களுது. அதை வேற யார் பேருக்கும் மாத்த முடியாது. ஆனா நீங்க ஒப்புதல் சொன்னா அவங்க ஓட்டலாம். வருஷத்துக்கு ஒரு தரம் சொன்னாப் போதும். சொல்லலைன்னா துடைச்சுடுவோம்."

சிந்துஜா மாப்பிள்ளை நாற்காலியில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்து மணப்பெண் நாற்காலியில் தாரணி. இருவரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

"லாரி ஓட்டட்டும், தண்ணி வேணுமில்ல. டிராக்டரு ஓட்டட்டும். ஐஸ் வண்டி ஓட்டட்டும், ஆனா என்ற பேரன் வந்தா குச்சி ஐஸ் ஓசி." ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். மற்ற இரண்டு வண்டிக்கும் அப்படியே. கோபாலுவின் முறை வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அந்த வண்டி ஓட்டட்டும். ஆனா எங்கயும் காத்துக் கெடக்கக் கூடாது. டைம்னா டைம். அந்தப் பழக்கத்த எடுத்துருங்."

"ஒரு பழக்கத்தை மட்டும் எடுக்க முடியாதுங்க" என்றேன். "சாம்பார்ல கரைஞ்ச உப்பைத் தனியா எடுக்க முடியுமா? எடுக்கணும்னா மொத்தமாத் துடைக்கணும்."

"அப்பத் தொடைங்" என்று சொல்ல வாயெடுத்தார் சிந்துஜா. லோகேஷ் இருக்கும் பக்கம் கண் போனது, வார்த்தை வரவில்லை. ஆனால் வாபஸும் வாங்கவில்லை. வீம்பு அப்படி.

தாரணி அந்தப் பக்கம் திரும்பாமலே பேசினார். "மேடம், அவகிட்டச் சொல்லுங். நிக்கறதுக்கு நாங்க அதுக்குச் சொல்லித் தரல. இந்த மனுசன் நின்னாரு, அதப் பாத்து அது நிக்குது. நிக்கறத எடுத்தா இந்த மனுசனையும் எடுத்த மாதிரி."

அப்போது லோகேஷ் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் மேடம், சிந்துஜா வண்டியத் தொறந்து பாத்தாச்சுங்களா?"

"இல்லைங்க. அவங்க முறை நாளைக்கு."

"வாசல்லதான நிக்குது. இப்பவே பாத்துருங்."

சிந்துஜா நாற்காலியில் நிமிர்ந்தார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் லேசாக ஆடியது.

கருவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஏழாவது மஞ்சள், ஏழாவது சிவப்பு. ஆனால் விரல் வேறு. சிந்துஜாவின் விரல் இல்லை. கைராசிக்காரர் தன் ராசியைத் தனக்கே வைத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது, டாக்டர் தனக்கு ஊசி போட்டுக்கொள்ளாதமாதிரி. யாருடையது என்று நான் தேடவே வேண்டியிருக்கவில்லை. சற்று முன்தான் பதிந்த விரல்களில் ஒன்றைக் கருவி தானாகவே கண்டுபிடித்துப் பச்சை காட்டியது.

லோகேஷ், வலது மோதிர விரல்.

நான் உள்ளே வந்து படித்ததும் மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. பிரகதீஷ் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாரணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். இத்தனை நேரம் இந்த மனுஷன் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

"பெரிய டிரைவரு கையால வெக்கோணும்னு நீதான கண்ணு வந்து நின்ன" என்றார் லோகேஷ், சிந்துஜா இருந்த பக்கம் திரும்பி.

சிந்துஜா எழுந்து நின்றார். "சரிங் லோகண்ணா. நீங்க என்ன கேக்கறீங்களோ கேளுங்."

"நான் என்ன கேக்கறது? ஓட்டட்டுமுங்க மேடம். சிந்துஜா வண்டி நல்லா ஓட்டட்டும்."

"ஒண்ணும் கேக்கலீங்களா?"

"உன்ற ஹாரன் கேட்டாத்தான் எனக்குக் கொளம் வந்துருச்சுன்னு தெரியும். நீ நின்னு போயிட்டா எனக்குக் கொளம் எங்க இருக்குதுன்னு யாரு சொல்லுவா?"

சிந்துஜா அழுதார். வைரத்தோடெல்லாம் நனைய அழுதார். பிறகு, அழுகை நிற்பதற்குள்ளாகவே கோபமாக என்னைப் பார்த்தார், எல்லாம் நான் செய்த வினை என்பதுபோல.

"எழுதிக்குங் அம்மிணி. கோபாலு ஓட்டட்டும். நிக்கட்டும், எங்க வேணும்னாலும் நிக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்த தாரணியைப் பார்த்தார். "அண்ணி, இனிமே நான் மின்னாடி போயிக்கறேன். நேரத்துக்கு வர்றவங்க என்ற வண்டியில ஏறட்டும். நேரங்கெட்டு ஓடி வர்றவங்கள நீங்க ஏத்திக்குங்."

தாரணி எதிரே பார்த்தபடி, யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார். "நம்மூர்ல நேரத்துக்கு வர்றவன் எவன் இருக்கறான்?"

"ஒரு நாலு பேராவது இருக்க மாட்டாங்களா அண்ணி?"

"நாலு பேரு தேறும்" என்றார் தாரணி. ரொம்ப நாளைக்குப் பிறகு நேராக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்தக் கதையை அறிக்கையாக எழுதி ஆணையத்துக்கு அனுப்பினேன். அவர்கள் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி புத்திசாலித்தனமாக ஒன்று செய்தது. அடுத்து வந்த வண்டிகளில் கண்ணை நெற்றியிலிருந்து எடுத்துக் கீழே, முகவாய்க்கட்டை இருக்கும் இடத்தில் ஓரமாகப் பதித்தது. இனிமேல் சந்தனம் மறைக்காது என்று சந்தோஷப்பட்டார்கள். மறைக்கவில்லைதான். முகவாயில் ஓரமாக ஒரு வட்டத்தைப் பார்த்ததும் நம் மக்கள் மையை எடுத்துத் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டார்கள். முதல் பார்வை இப்போது கறுப்பு.

ஒரு வருஷம் கழித்து அதே மண்டபத்தில் மறுபடி முகாம் போட்டோம். சிந்துஜா ஒப்புதல் சொல்ல வந்து மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி நின்றது. மற்ற சோதகர்களின் முகாம்களிலும் இதே விரல் கிளம்பியிருந்தது. அரிசி மில், கரும்பு வெட்டும் இயந்திரம், பள்ளிக்கூடத்துப் பாத்திரம் கழுவும் இயந்திரம்வரை அவர் கைதான். ஒவ்வொருவராக வந்து நிற்க, "ஓட்டட்டும்" "ஓட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லாமல் விட்டால் தாலுகாவே நின்றுவிடும். யாருக்கும் அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரகதீஷ் இரண்டாவது லாரி வாங்கியிருந்தார். மூளை இன்னும் கண் விழிக்கவில்லை, மாலையும் வாழைக்கன்றுமாக வாசலில் நின்றது. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு விவரமாகச் சொன்னேன். "இப்பவாவது உங்க விரலால வைங்க. யார் வைக்கறாங்களோ அவங்களுக்குத்தான் உரிமம். புரியுதா?"

"புரியுதுங்க மேடம், நல்லாப் புரியுது" என்றார். என்றவர் திரும்பி, "சிந்துஜாக்கா, வாங், நல்ல நேரம் போயிரும்" என்று கத்தினார்.

"என்னங்க நீங்க?"

"உரிமம் கெடக்குதுங்க மேடம். வண்டி நல்லா ஓடோணுமில்லீங்களா?"

எனக்கு அதற்குமேல் பேச யோக்கியதை இல்லை. ஏனென்றால் லாரிக்குப் பின்னால், நான் சென்னையிலிருந்து ரயிலில் போட்டுக் கொண்டுவந்திருந்த என் புது ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அதன் மூளையும் இன்னும் கண் விழிக்கவில்லை.

சிந்துஜா சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மிணி, விதி எழுதற ஆளு நீங்க. தெரிஞ்சேதான் வெக்கச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சேதான்க்கா."

மண்டபத்துக்கு எதிரே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாரன் கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மண்டபத்து வாசலில் நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். நானும் அதில்தான் சேத்துமடை வரைக்கும் ஒரு ட்ரிப்பு போய்வர வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

"அய்யோ, கோபாலு கிளம்புது" என்றேன்.

"நீங்க பொட்டு வெச்சு முடிங்" என்றார் தாரணி, தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு. "அது நிக்கும்."

சிந்துஜா ஸ்கூட்டரின் முகவாய்க் கண்ணைச் சுற்றி மை தீட்டி, நடுவில் சந்தனம் அப்பி, மோதிர விரலைக் குங்குமத்தில் தொட்டு அழுத்தினார். நான் சாவியைத் திருப்பினேன். என் ஸ்கூட்டரின் முதல் பார்வையை என்றைக்காவது யாராவது திறந்தால் மஞ்சளும் கறுப்பும் கலந்து நடுவில் ஒரு சிவப்புத் தெரியும். கொஞ்சம் காதைக் கொடுத்தால் லோகேஷண்ணன் பஸ்ஸுக்குள்ளிருந்து "மேடம் இன்னும் ஏறலயாமா, இருங்கப்பா" என்று சொல்வதும், அவசரப்பட்ட யாரோ ஒருவருக்கு மொத்த பஸ்ஸும் சேர்ந்து "இருங்க" என்று பதில் சொல்வதும் கேட்கும்.